இரண்டாம் ஆட்டம்

2012 மார்ச் மாதம் கனடாவின் எட்மன்டன் நகரிலுள்ள பயோவேர் நிறுவனத்துக்கு நானூறுக்கும் மேற்பட்ட கப்கேக்குகள் வந்து சேர்ந்தன. மேலே பூசிய கிரீம் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறம். சுவை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றே. ஒரு வீடியோ கேமின் முடிவு பிடிக்காத ரசிகர்கள் காசு சேர்த்து, தங்கள் மனக்குறையை இப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ‘மாஸ் எஃபெக்ட் 3’ என்ற அந்த கேமின் கடைசியில் ஆடுபவர் முன்னால் மூன்று வழிகள் வைக்கப்படும். எதைத் தேர்ந்தாலும் பெரும்பாலும் வெடிக்கிற ஒளியின் நிறம்தான் மாறுகிறது என்பது அவர்கள் வருத்தம். நிறுவனத்தார் அந்தப் பண்டங்களை ஊரிலிருந்த இளைஞர் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

என் மகன் இதை எனக்குச் சொன்னபோது, ஒரு விளையாட்டுக்கா இத்தனை பாடு என்று கேட்டேன். அவன் பொறுமையாக விளக்கினான். அந்தக் கதையின் முதல் பாகம் 2007-இல் வந்தது, இரண்டாவது 2010-இல். ஷெப்பர்ட் என்ற தளபதியை ஆணாகவோ பெண்ணாகவோ ஆடுபவரே உருவாக்கிக்கொள்வார். யாரைக் காப்பாற்றினோம், யாரைக் கைவிட்டோம், யாரோடு மனம்விட்டுப் பேசினோம் என்பதெல்லாம் சேவ் ஃபைலில் பதிந்து அடுத்த பாகத்துக்கும் கூடவே வரும். முதல் பாகத்தில் நம் முடிவால் இறந்துபோன தோழர் மூன்றாம் பாகத்தில் திரும்பி வரமாட்டார். இப்படி ஐந்து வருடம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் நடந்து வந்தவர்களை, கடைசிச் சில நிமிடங்களில் ஒரே வாசலுக்குள் அனுப்பினால் மனம் கசக்கத்தானே செய்யும்?

முடிவு சோகமாக இருந்தது அவர்களுக்குக் குறையே இல்லை. நம் ஊரில் ‘பாசமலர்’ படத்தில் அண்ணனும் தங்கையும் சேர்ந்தே சாகிறார்கள். அதைப் பார்த்து முந்தானையால் முகம் துடைத்தபடி வெளியே வந்தவர்கள் யாரும் ஏமாந்தோம் என்று சொல்லவில்லை. அந்தச் சாவு, அதுவரை நடந்த எல்லாவற்றிலிருந்தும் பிறந்தது. வந்த வழியை மறந்துவிடும் முடிவுதான் வலிக்கும். கோபத்திலும் அந்த ரசிகர்கள் நல்ல காரியம் ஒன்று செய்தார்கள். முடிவை மாற்றச் சொன்ன தங்கள் கோரிக்கையின் பெயரிலேயே நிதி திரட்டி, மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கித்தரும் ‘சைல்ட்ஸ் பிளே’ அறக்கட்டளைக்கு எண்பதாயிரம் டாலருக்கும் மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். ஜூன் மாதம் பயோவேர், முடிவை விரித்துச் சொல்லும் கூடுதல் காட்சிகளை இலவசமாகவே வெளியிட்டது.

முடிவுகளைப் பற்றி யோசித்தால் எனக்கு அப்பாவின் நினைவுதான் வரும். சின்ன வயதில் நாங்கள் இருந்த கிராமத்திலிருந்து டூரிங் டாக்கீஸுக்கு பஸ்ஸில்தான் போகவேண்டும். இருட்டிய பிறகுதான் முதல் ஆட்டம் தொடங்கும்; படம் முடிவதற்குள் கடைசி பஸ் கிளம்பிவிடும். அதனால் படத்தில் சண்டையோ அழுகையோ உச்சத்துக்குப் போகும் நேரத்தில் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “எந்திரிங்கப்பா, பஸ்ஸு போயிரும்” என்பார். நானும் அக்காவும் திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்தபடி மணலில் நடப்போம். பஸ்ஸில் உட்கார்ந்ததும் மிச்சக் கதையை அக்கா சொல்லி முடிப்பாள். அவள் சொன்ன ‘பாசமலரி’ல் அண்ணனும் தங்கையும் ஒரே தெருவில் வீடு கட்டிக்கொண்டு நெடுநாள் வாழ்ந்தார்கள். கல்யாணமாகிப் போன ஊரில் அதே படத்தை முழுசாகப் பார்த்துவிட்டு வந்து, “தம்பி, நம்ம கதைதான்டா நல்லா இருந்துச்சு” என்றாள். அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. நெடுந்தூரம் கூடவே வந்த பிள்ளைக்கு அந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. மாஸ் எஃபெக்ட் ரசிகர்கள் கேட்டதும் அந்தப் பங்கைத்தான்.

தொண்ணூறுகளில் என் மகனுக்கு கேசட் போட்டு ஆடும் டிவி கேம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கோடை விடுமுறை முழுக்க மாரியோதான். ஒருநாள் சாயங்காலம் இளவரசியைக் காப்பாற்றிவிட்டு, “அப்பா, இங்க வந்து படிங்க, என்ன போட்டிருக்கு?” என்று கத்தினான். நன்றி சொல்லி, வேலை முடிந்தது, இதோ இன்னொரு புதிய வேலை என்று சில வரிகள் திரையில் இருந்தன. அவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது. அவனோ பட்டனை அழுத்தி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டான். இந்தத் தடவை, மிதித்தால் நசுங்கும் காளான்களின் இடத்தில் ஓட்டுக்குள் ஒளியும் வண்டுகள் வந்தன.

1985-இல் வந்த அந்த கேம் மொத்தமும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். இன்று போனில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூட அதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். அந்தச் சின்ன இடத்தில் பெரிய முடிவுக்கு எங்கே போவது? அதே வருடம் கேப்காம் வெளியிட்ட ‘கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்’ இன்னும் கொடுமை. உயிரைக் கொடுத்துக் கடைசிவரை போனவரிடம், நீ பார்த்தது சாத்தானின் மாயவலை என்று சொல்லி, முதல் கட்டத்திலிருந்து மீண்டும் ஆடச்சொல்லும். காசைப் போட்டு ஆடிய எத்தனை பிள்ளைகளின் முகம் வாடியிருக்குமோ!

அதற்கு அடுத்த வருடம் வந்த ‘தி லெஜெண்ட் ஆஃப் செல்டா’வில் வேறொன்று நடந்தது. சுரங்கக்கோட்டைகளுக்கு வரைபடம் அமைத்த டக்காஷி டெசுகா, கணக்குத் தவறி நினைவகத்தில் பாதியை மட்டும் பயன்படுத்திவிட்டார். ஷிகெரு மியாமோட்டோ அதைத் திருத்தச் சொல்லவில்லை. மீதி இடத்தில் இன்னொரு செல்டாவைச் செய்துவிடலாம் என்றார். முதல் பயணத்தை முடித்தவர்களுக்குப் புதுக் கோட்டைகளோடு இரண்டாவது பயணம் கிடைத்தது அப்படித்தான். பிறர் பிழையைக் கண்டதும் கடிந்துகொள்ளாமல், அதில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்த மேலதிகாரி அவர். நான் வேலை பார்த்த காலத்தில் அப்படிப்பட்டவர்கள் அபூர்வம்.

இப்போது பேத்தி போனில் ‘குரோனோ டிரிகர்’ ஆடுகிறாள். 1995-இல் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்டது. ‘நியூ கேம் பிளஸ்’ என்ற வழியை உலகம் முழுக்கப் பரப்பியது அதுதான். ஒருமுறை முடித்தவர்கள், முதல் சுற்றில் பெற்ற பலத்தோடும் வித்தைகளோடும் ஆயுதங்களோடும் கதையை மறுபடி தொடங்கலாம். கடைசி எதிரியான லாவோஸை எந்தக் கட்டத்தில் போய்ச் சந்திக்கிறோமோ அதைப் பொறுத்து முடிவு மாறும். முதலில் வந்த பதிப்பிலேயே பன்னிரண்டு முடிவுகள் உண்டு. “காசு மட்டும் கூட வராது தாத்தா. கதைக்கு முக்கியமான சில சாமானையும் திரும்பத் தேடித்தான் எடுக்கணும்” என்றாள். கற்றது வரும், காசு வராது என்று அந்த ஜப்பானியர்கள் வைத்த விதி எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பலத்தைவிடப் பெரிய ஒன்றை இரண்டாம் சுற்றில் தரும் கேம்களும் உண்டு. யோகோ டாரோ இயக்கிய ‘நியர்’ 2010-இல் வந்தது. முதல் தடவை ஆடும்போது எதிரிகள் வெறுமனே உறுமும் நிழல்கள். வாளால் வெட்டிக்கொண்டே போகலாம், மனம் உறுத்தாது. அதே பாதையில் இரண்டாம் தடவை போகும்போது அந்த உறுமல் பேச்சாகப் புரிகிறது. அவர்களுக்கும் நட்பு உண்டு, பயம் உண்டு, காக்கவேண்டிய குழந்தை உண்டு. பாதை மாறவில்லை, எதிரி மாறவில்லை. கேட்கும் காது மட்டும் மாறிவிட்டது. மகன் இதைச் சொன்ன இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அப்பாவின் “எந்திரிங்கப்பா” என்ற குரலைச் சிறுவனாகக் கேட்டபோது எரிச்சலாக இருந்தது. நானே ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகி, மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவு செய்யத் தொடங்கிய பிறகு அதே குரல் வேறு மாதிரி கேட்டது. ஓட்டுச் சூளையில் கணக்கெழுதி வந்த காசில்தான் அப்பா எங்களைப் படத்துக்கு அழைத்துப்போனார். முடிவைப் பார்க்க முடியாது என்று தெரிந்தே ஒவ்வொரு முறையும் மூன்று டிக்கெட் எடுத்தார். அவரும்தான் எந்தப் படத்தையும் கடைசிவரை பார்க்கவில்லை.

2017-இல் வந்த ‘நியர்: ஆட்டோமேட்டா’வின் கடைசி முடிவை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினான். கேமை உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடும்போது அவற்றோடேயே ஒரு சண்டை. தனியாளாக ஜெயிப்பது பெரும்பாடு. தோற்றுத் தோற்று நிற்கையில் முன்பின் தெரியாத ஆட்டக்காரர்களின் உதவி வந்து சூழ்ந்துகொள்கிறது. ஜெயித்தபின் கேம் ஒரு கேள்வி கேட்கிறது: எங்கோ திணறும் ஒருவருக்கு இதேபோல உதவ, நீ சேர்த்துவைத்த சேவ் அத்தனையும் அழித்துவிடச் சம்மதமா? அந்த ஒருவர் உனக்குப் பிடிக்காதவராகவும் இருக்கலாம், நன்றிகூட வராமல் போகலாம் என்றும் எச்சரிக்கிறது. மகன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, சம்மதம் என்று அழுத்தினான். பல மாத உழைப்பு ஒவ்வொரு பக்கமாக அழிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கண்ட முடிவுகளில் இதற்கு மேலான ஒன்று இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு கேமை முடித்துவிட்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தால், வெறும் விளையாட்டுதானே என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கதை எப்படிப் போயிற்று, எந்த இடம் பிடித்தது, நீயாக இருந்தால் எப்படி முடித்திருப்பாய் என்று கேளுங்கள். அதையே மறுபடி முதலிலிருந்து ஆடப்போகிறேன் என்றால், ஆடட்டும் விடுங்கள்.