கம்பிச்சுருள் சுற்றும் கரங்கள்

அமெச்சூர் வானொலி என்பது செல்வந்தருக்கே உரிய விநோதம் என்ற அபிப்பிராயம் நம்மிடையே வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. ஜப்பானிய நிறுவனங்களின், அனுப்பவும் கேட்கவும் வல்ல டிரான்ஸீவர் ஒன்றை விலை விசாரித்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். நடுத்தரக் குடும்பத்தின் சில மாத வருமானம் அதற்கே சரியாகிவிடும். அந்த நிலைமையை மாற்றிய 'பிட்எக்ஸ்' செட்டின் பிறப்பிடம் ஹைதராபாத். அதற்கான கம்பிச்சுருள்களைக் கையால் சுற்றித் தரும் பெண்களின் வேலையை நேரில் காணவேண்டும் என்ற நெடுநாள் ஆசையோடு, அந்நகரிலேயே குடியேறிவிட்ட, ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போயிருந்தேன்.

அந்த செட்டின் பூர்வ கதையைச் சொல்லாமல் மேலே போவது நியாயமன்று. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், வி.யு.2.இ.எஸ்.இ. என்ற அழைப்புக்குறி கொண்ட அஷ்ஹர் ஃபர்ஹான், நம் நாட்டுக் கடைவீதியில் சுலபமாகக் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டே 14 மெகாஹெர்ட்ஸில் பேசக்கூடிய செட் ஒன்றை வடிவமைத்து, அதன் சர்க்யூட்டை எல்லோருக்கும் பொதுவில் வைத்தார். டோராய்டு எனப்படும் காந்த வளையங்கள் அந்நாளில் இங்கே அபூர்வம். ஆதலால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் குழாய் வாஷரின்மேல் கம்பியைச் சுற்றிக்கொள்ளுங்கள் என்றார்! கேட்கும்போதும் அனுப்பும்போதும் அதே ஆம்ப்ளிஃபையர்களே இருதிசையிலும் வேலை செய்யும்படி அமைத்த யுக்தியால் உறுப்புகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. மலிவு என்பது தரத்தைக் குறைத்துப் பெறுவது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சர்க்யூட்டைச் சிரத்தையோடு ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

நாங்கள் போனபோது வாஷர்களின் காலம் கடந்துவிட்டிருந்தது. பாயில் அமர்ந்திருந்த பெண்களின் முன்னே, மஞ்சள் வர்ணம் பூசிய இரும்புத்தூள் வளையங்கள் ஒரு கிண்ணத்திலும், வர்ணமற்ற கறுத்த ஃபெரைட் வளையங்கள் மற்றொன்றிலுமாக இருந்தன. வளையத்தின் விட்டம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. நடுவயதுப் பெண்மணி ஒருவர் எனாமல் பூசிய செம்புக் கம்பியை அளந்து நறுக்கி, ஒரு நுனியை இடது கட்டைவிரலால் வளையத்தோடு அழுத்திக்கொண்டு, மறுநுனியைத் துளைவழியே விட்டு இழுத்து, மீண்டும் விட்டு இழுத்து, பூக்காரியம்மாள் நாரைப் பாராமலே சரம் தொடுப்பதுபோலப் பக்கத்திலிருந்தவரோடு பேசிக்கொண்டே சுற்றி முடித்தார். எண்ணிக்கையை எப்படி நினைவில் வைக்கிறீர்கள் என்று நண்பர் தெலுங்கில் கேட்டார். சுற்றும்போது எண்ணுவதை நம்புவதில்லை என்றும், முடித்தபின் வளையத்தின் உட்புறத்தில் தெரியும் இழைகளை ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு எண்ணுவதே வழக்கம் என்றும் அந்த அம்மாள் சொன்னார். கம்பி துளைவழியே எத்தனை முறை செல்கிறதோ அத்தனையே சுற்று. வெளிப்புறத்தைப் பார்த்து எண்ணுகிறவர் தவறிவிடுவார். சாஸ்திரம் கற்றவர்களே தடுமாறும் இடம் இது.

இந்தக் கவனம் அவசியமா என்று வாசகர் கேட்கலாம். சுருளின் மின்தூண்டல் சுற்றுகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. முப்பது இருக்கவேண்டிய இடத்தில் இருபத்தொன்பது இருந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு குறைந்துபோகும். 7 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் செட், தன்னையறியாமல் 14-லும் 21-லும் உபரி அலைகளை எழுப்பக்கூடியது. அவற்றை ஆன்டெனாவுக்குப் போகவிடாமல் தடுக்கும் ஃபில்டரின் உயிர்நாடியே இந்த மஞ்சள் வளையங்கள்தாம். அந்தப் பெண்மணியின் ஊசிமுனை பிசகினால், எங்கோ முகமறியாத ஒருவருடைய சம்பாஷணைக்கு இடையூறு நேரும்.

ஃபெரைட் வளையங்களின் வேலை இன்னும் நுட்பமானது. மூன்று கம்பிகளை ஒன்றாக முறுக்கி ஏழு சுற்றுச் சுற்றியதும் ஆறு நுனிகள் மிஞ்சுகின்றன. பிளேடால் எனாமலைச் சுரண்டி, ஈயம் பூசி, எந்த நுனி எந்த இழைக்குரியது என்று மீட்டரால் சோதித்து, ஓர் இழையின் முடிவை அடுத்த இழையின் தொடக்கத்தோடு இணைக்க வேண்டும். தவறி, தொடக்கத்தைத் தொடக்கத்தோடு இணைத்துவிட்டால் ஒன்றின் காந்தப்புலம் மற்றொன்றினுடையதை அழித்துவிடும். சுருள் பார்வைக்குக் குறையற்றதாயிருந்தும் பிரயோஜனப்படாது. சிறிய உறுப்புகளை யந்திரம் கணநேரத்தில் பலகையில் பொருத்திவிடுகிறது. இந்தச் சின்னஞ்சிறு துளைக்குள் மூவிழைக் கம்பியை நுழைக்கவோ மனிதக் கரமே வேண்டியிருக்கிறது.

பிட்எக்ஸின் வழிவந்து 2017 டிசம்பரில் வெளிவந்த 'மைக்ரோ பிட்எக்ஸ்' பலகை, 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை பேசவல்லதாயிருந்தும் 109 டாலருக்கே கிடைத்தது. அயல்நாட்டு ஹாம்கள் அதன் மலிவை வியந்தார்கள், வடிவமைத்தவரைப் புகழ்ந்தார்கள், அப்புகழ் முற்றிலும் தகும். ஆனால் சுற்றியவர்களுக்கும் அதில் பங்குண்டு என்பது என் திடமான அபிப்பிராயம். தொழில்நுணுக்கம் என்று எதைச் சொல்கிறோமோ அதில் பாதி, அந்தப் பாயில் அமர்ந்திருந்தவர்களின் விரல்களில் இருக்கிறது.

ஹாம் வானொலி பொழுதுபோக்குக்கு மட்டுமன்று, ஆபத்துக் காலத்திற்கும் உதவுவது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் ஓய்ந்தபோது, போர்ட் பிளேரில் தம் செட்டோடு தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் ஹாம் பெண்மணி, இடைவிடாது செய்திகளை வெளியுலகுக்குக் கொண்டுசேர்த்ததை நாம் மறந்துவிடலாகாது. நம் கடற்கரை மாவட்டக் கல்லூரி ஒவ்வொன்றிலும் இத்தகைய மலிவான செட் ஒன்றும், அதை இயக்கத் தெரிந்த மாணவர் சிலரும் இருக்க வேண்டும். மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்ற பின்பே பேச முடியும். பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் விண்ணப்பிக்கலாம். 'ரெஸ்ட்ரிக்டட்' எனப்படும் கட்டுப்பாட்டு நிலை உரிமத்திற்கு மோர்ஸ் சங்கேதம்கூடத் தேவையில்லை. ஆசிரியர்கள் முன்வந்து இவ்வாண்டே மாணவர்களைத் தயார்செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.