பகலில் அப்பா, இரவில் அம்மா

பட்சிகளின் குடும்பம் என்றதும் நமக்கு எல்லாம் தாய்ப்பட்சிதான் ஞாபகம் வருகிறது. கூட்டில் அவள் உட்கார்ந்திருப்பாள். தகப்பன் பட்சி எங்கேயோ போயிருக்கும். ஆபீசுக்கோ என்னவோ! ஆனால், சகோதரிகளே, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஒரு பட்சி இருக்கிறது. அதன் வீட்டில் பகல் முழுவதும் முட்டையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அப்பா. பொழுது சாய்ந்த பிறகு அம்மா வந்து அந்த இடத்தைப் பிடிக்கிறாள்.

தவளைவாயன் என்று அதற்குப் பெயர். முகம் சுளிக்காதீர்கள். மலையாளத்தில் மாக்காச்சிக்காட என்கிறார்கள். மாக்காச்சி என்றாலும் தவளைதான். உடம்போ மைனா அளவு, சுமார் 23 சென்டிமீட்டர். தலை மட்டும் இரவல் வாங்கியது போல் பெரிது. வாயைத் திறந்தால் முகத்தில் பாதி காணாமல் போய்விடும். சாஸ்திரப் பெயரிலும் முதல் பாதி தவளை வாய்தான். கல்கத்தா ஏஷியாடிக் சொசைட்டி மியூசியத்தில் இருந்த எட்வர்ட் பிளைத் என்பவர், இலங்கையிலிருந்து வந்த பட்சியைப் பார்த்து, 1849-ல் அதோடு 'மோனிலிகர்' என்று இன்னொரு பாதி சேர்த்தார். 'மாலை அணிந்தது' என்று அர்த்தம். கழுத்துப் பக்கம் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். வாயைப் பழித்துவிட்டுக் கழுத்துக்கு அட்டிகை போட்டிருக்கிறார்கள்!

இலங்கைத் தவளைவாயன் என்றே இதைச் சொல்கிறார்கள். இலங்கையை விட்டால் நம் மேற்குத் தொடர்ச்சி மலைதான் இதற்கு வீடு. நம் ஆனைமலைப் பக்கத்துக் காடுகளிலும் உண்டு. இருந்தும் என்ன? பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நாங்கள் பார்த்தது கேரளத்தில், எர்ணாகுளம் ஜில்லாவில், தட்டேக்காட்டில். பெரியாற்றங்கரையில் கோதமங்கலத்தைத் தாண்டிச் சிறிது தூரம். பறவை நிபுணர் சலீம் அலி 1930-களில் அந்தப் பக்கமெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுப் பிரமித்துப் போனார். 1983-ல் அங்கே சரணாலயம் அமைத்து, அவர் பெயரையே வைத்தார்கள். பரப்பு 25 சதுர கிலோமீட்டர்தான்.

வழிகாட்டி இளைஞர் ஒரு கொடிப் புதரின் முன்னால் நின்று, உதட்டில் விரலை வைத்தார். நானும் என் நாத்தனாரும் உற்று உற்றுப் பார்த்தோம். காய்ந்த இலைகள், சுள்ளி, மறுபடியும் இலைகள்.

"காசு கொடுத்துச் சருகு பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று எங்கள் வீட்டுக்காரர் என் காதோடு முணுமுணுத்தார்.

இளைஞருக்குத் தமிழ் புரியும் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே, "சேச்சி, அந்தச் சருகுக்கு மீசை இருக்கிறது, பாருங்கள்" என்றார்.

இருந்தது! மூக்கின் மேல் விறைப்பான ரோமங்கள். மீசை தெரிந்ததும் மூக்கு தெரிந்தது, மூக்கு தெரிந்ததும் தலை தெரிந்தது. பக்கத்தில் ஒட்டினாற்போல் இன்னொரு சருகு. அதற்கும் மீசை! சாம்பல் பூத்தாற்போல் இருந்தவர் அவர்; செம்பழுப்பு நிறத்தில் இருந்தவள் அவள். யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் இந்தத் தம்பதி மாதக்கணக்கில் ஒரே கிளைக்கு வந்து பகலைக் கழிக்குமாம்.

நாங்கள் கிசுகிசுத்தது கேட்டதோ என்னவோ, அவர் தலையை உயர்த்தினார். உயர்த்தினார் என்றால் கடிகாரத்தின் பெரிய முள் நகருகிற மாதிரி. அலகு வானத்தைப் பார்த்து நின்றது. மஞ்சள் கண்கள் கீற்றாகச் சுருங்கின. இப்போது அங்கே இருந்தது முறிந்த கிளையின் மொட்டை முனை, அவ்வளவுதான். விருட்டென்று அசைந்தால் அல்லவா நம் கண் பிடிக்கும்?

ஆந்தையோ என்று நினைத்துவிடாதீர்கள். ஆந்தைக்குக் கால் நகமே ஆயுதம். இதற்குக் காலில் வலுவே கிடையாது. இருட்டிய பிறகு பூச்சிகளைப் பிடிப்பதெல்லாம் அந்த வாயால்தான்.

நம் பக்கத்தில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இது முட்டையிடும் காலம். கூடு என்று பெரிதாக ஒன்றுமில்லை. பாசியையும் மெல்லிய இறகுகளையும் சேர்த்துக் கிளையின் மேல் ஒரு சின்ன மெத்தை. வெளியே மரப்பட்டையும் மரப்பாசியும் ஒட்டிப் பூச்சு. அதில் ஒரே ஒரு முட்டை. அந்த முட்டையோ பளிச்சென்ற வெள்ளை! உடம்பெல்லாம் சருகு வேஷம் போட்ட பட்சிக்கு இப்படி ஒரு முட்டை. அப்பா மேலே உட்கார்ந்திருக்கும் வரையில் அது கிளையில் ஒரு முண்டு. அவர் பயந்து பறந்துவிட்டாலோ, பட்டப்பகலில் காட்டுக்கே தெரிகிறாற்போல் கிடக்கும். அதனால்தான் மனிதர் மிக அருகில் வந்தால்கூட அவர் எழுந்திருப்பதில்லை. மனசுக்குள் எத்தனை திகில் இருக்குமோ! நமக்குத் தெரிவது ஒரு மரத்துண்டுதான்.

எங்களுக்குப் பின்னால் காமிராக்களோடு ஒரு கோஷ்டி வந்தது. அதில் ஒருவர், மறைத்துக்கொண்டிருந்த கொடியைக் கொஞ்சம் விலக்கச் சொன்னார். தனியாகக் கவனித்துக்கொள்வதாகவும் சொன்னார். இளைஞர் மறுத்துவிட்டார்.

"அந்தக் கொடிதான் சேட்டா அதன் கதவு. திறந்து வைத்துவிட்டு நாம் போய்விடுவோம். அது எங்கே போகும்?"

வெளிச்சம் அடித்துப் படம் எடுக்கவும் விடவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்கவும் விடவில்லை. வந்தவர்களுக்குக் கோபந்தான். அன்றைக்கு அவருக்கு இனாம் கிடைத்திருக்காது. எனக்கென்னவோ அந்தப் பிள்ளையை அங்கேயே வாழ்த்த வேண்டும் போலிருந்தது.

காமிராக்காரராவது கேட்டுக்கொண்டு கொடியை விலக்க நினைக்கிறார். காட்டோரத்துத் தோட்டங்களைச் 'சுத்தம்' செய்கிறவர்கள் யாரைக் கேட்கிறார்கள்? பிரம்புப் புதர், காய்ந்த கொடி, தொங்கும் சருகு எல்லாம் நம் கண்ணுக்குக் குப்பை. வாரி எரித்துவிட்டால் இடம் லட்சணமாகத்தான் இருக்கும். சருகு இல்லாத இடத்தில் சருகு வேஷம் என்ன வேஷம்?

இதைக் கேளுங்கள். குஞ்சு கூட்டை விட்டுப் போனதும், அத்தனை நாள் அசையாமல் உட்கார்ந்திருந்த அந்த அப்பா கூட்டைத் தானே பிய்த்துப் போட்டுவிடுகிறாராம். ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். கிளை மட்டும் பழையபடி இருக்கும்.