குளிப்பின் பர்ளு எத்தனை?

தென்காசியில் என்னை ‘வினாடி வினா சார்’ என்று கூப்பிட்ட காலம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். ரபீஉல் அவ்வல் பிறை தெரிந்ததும் மதரஸாக்களிலிருந்து ஆள் வந்துவிடும். தென்காசி, கடையநல்லூர், வடகரை, பொட்டல்புதூர் என்று மீலாது மேடைகளில் பதினாலு வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டிருக்கிறேன். மார்க்கச் சட்டம், வரலாறு, குர்ஆன், மொழி என நாலு சுற்று. மேஜையில் ஒரு மணி, மடியில் விடைத்தாள்.

அந்த விடைத்தாளை வாங்கிவிட்டால் என்னிடம் என்ன மிஞ்சும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

சீறாப்புராணத்தில் எத்தனை காண்டம் என்று கேட்பேன். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்று மூன்றையும் சொல்லும் பிள்ளைக்குப் பத்து மதிப்பெண். உமறுப் புலவர் பாடிய 5,027 பாட்டில் ஐந்தைக்கூட நான் பொருள் தெரிந்து படித்தது கிடையாது. தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முகம்மது அப்பா பிறந்தது தென்காசியில் என்பார்கள். அதே தென்காசி மேடையில் அவரைப் பற்றி ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. நான் பார்த்துக் கேள்வி எடுத்த கைப்புத்தகத்தில் அவர் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

குர்ஆனில் எத்தனை வசனம் என்பது வருஷா வருஷம் வரும் கேள்வி. 6,666 என்பது என் விடை. மேடைப் பேச்சில் காதில் விழுந்த எண் அது. வீட்டில் இருக்கும் குர்ஆனில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் வசனத் தொகை அச்சாகியிருக்கிறது. 114 அத்தியாயத்தையும் கூட்டினால் 6,236தான் வரும். கூஃபா நகரத்து அறிஞர்களின் எண்ணிக்கை அது; நம்மிடம் புழங்கும் பிரதிகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. தினமும் பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லிக் கொடுத்தவன், இந்த ஒரு கூட்டலைப் போட்டுப் பார்க்கவில்லை.

மொழிச் சுற்றைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். அரபுத்தமிழ் என்றால் என்ன? அரபி எழுத்தில் எழுதிய தமிழ். சரியான விடை, பத்து மதிப்பெண். உம்மாவின் பெட்டியில் பழுப்பேறிய புத்தகம் ஒன்று இருந்தது. அரபிக் கிதாபு என்று நினைத்து, ஒளு இல்லாமல் அதை நான் தொட்டதில்லை. எடுத்தால் முத்தமிட்டு மேலே வைத்துவிடுவேன். உம்மா அதை விரித்துக்கொண்டு தமிழில் ராகமாகப் படிப்பார்கள். ஏதோ மனப்பாடமாகப் பாடுகிறார்கள் என்று இருந்துவிட்டேன். அந்தப் புத்தகமே அரபுத்தமிழ்தான் என்பது உம்மா மௌத்தான பிறகுதான் தெரிந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத்தமிழில் எழுதியவர் என்று மேடையில் முழங்கியவனுக்கு, வீட்டுக்குள் இருந்த அரபுத்தமிழ் கண்ணில் படவில்லை.

இதெல்லாம் அறியாமை. ஹஜ்ரத்திடம் போய் உட்கார்ந்து ஓதியிருந்தால் தீர்ந்திருக்கும். நான் சொல்ல வந்தது வேறு.

1997இல் மீலாது ஜூலை மாதம் வந்தது. குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது; தென்காசித் தெருவரைக்கும் தூறல் மூஞ்சியில் அடித்தது. இறுதிச் சுற்றுக்கு இரண்டு அணி. ஒன்றில் பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஒருத்தி, கேள்வி முடியுமுன் கை தூக்குகிறவள். சட்டச் சுற்றில் கேட்டேன்: “கடமையான குளிப்பின் பர்ளு எத்தனை?”

“ரெண்டு சார். நிய்யத்து வைக்கணும். உடம்பு முழுக்கத் தண்ணி படணும்.”

பர்ளு என்றால் விடக்கூடாத கடமை. என் தாளில் மூன்று என்று இருந்தது. வாய் கொப்பளிப்பது, மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவது, உடம்பு முழுவதும் நனைப்பது. மணியை அடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் ஆசை எனக்கு எப்போதும் உண்டு. “வாயும் மூக்கும் எங்கம்மா போச்சு? நீ பேரருவியில ஒரு நாள் பூரா நின்னாலும் குளிப்பு சேராது” என்றேன். பந்தலே சிரித்தது. அந்தப் பிள்ளை, “எங்க உம்மா ரெண்டுன்னுதான் சொல்லித் தந்தாங்க” என்றது. அதற்கும் சிரித்தார்கள். கேள்வி எதிரணிக்குப் போனது. மூன்று என்று சொல்லி ஐந்து மதிப்பெண் வாங்கி, 90க்கு 85 என்று ஜெயித்தார்கள்.

மக்ரிப் தொழுது முடித்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத் என்னை ஒளுச் செய்யும் ஹவ்ளுத் தொட்டி ஓரம் கூப்பிட்டார். வேலூர் பாக்கியாத்தில் ஓதி ஸனது வாங்கியவர், அதிகம் பேசாதவர்.

“சார், அந்தப் புள்ளை சொன்னது தப்பில்ல. உம்மா காயல்பட்டணம். ஷாஃபி மத்ஹபுல குளிப்புக்கு ரெண்டுதான் பர்ளு. வாயும் மூக்கும் அங்க சுன்னத்து. நம்ம ஹனஃபியில நிய்யத்து சுன்னத்து.”

மத்ஹபு என்பது சட்டவழி; கடற்கரையோரம் காயலிலும் கீழக்கரையிலும் ஷாஃபி, உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபி என்பது எனக்கும் தெரியும். அதையும் ஒரு கேள்வியாகக் கேட்டவன்தான் நான். அந்த வித்தியாசம் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வந்தபோது அடையாளம் தெரியவில்லை. ஹஜ்ரத் ஹவ்ளைக் காட்டினார். “இது ஏன் பத்து முழத்துக்குப் பத்து முழம்? அசுத்தம் விழுந்தாலும் தண்ணி கெடாம இருக்க நம்ம இமாம்கள் சொன்ன அளவு. ஷாஃபிக்கு ரெண்டு குல்லத்துத் தண்ணி போதும், இருநூறு லிட்டர் பக்கம் வரும். ரெண்டுக்கும் ஆதாரம் இருக்கு.”

நான் விட்டுக் கொடுக்கவில்லை. “நம்ம ஊரு மத்ஹபுப்படி என் விடை சரிதான ஹஜ்ரத்?”

“அப்போ ‘ஹனஃபி மத்ஹபுப்படி’ன்னு கேள்வியில போட்டிருக்கணும்லா.”

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. “இஷாவுக்குப் பெறவு பரிசு கொடுக்கும்போது மைக்ல ஒரு வார்த்தை சொல்லிருங்க” என்றார். “சரி ஹஜ்ரத்” என்றேன்.

மைக் கைக்கு வந்தது. பந்தல் போட்டவருக்கு நன்றி சொன்னேன். நெய்ச்சோறு ஆக்கியவருக்கு, ஒலிபெருக்கிக்காரருக்கு, சாரலிலும் எழுந்து போகாத கூட்டத்துக்கு நன்றி சொன்னேன். அந்தப் பிள்ளை இரண்டாம் பரிசு டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, பெண்கள் பக்கத் திரைக்குள் போய்விட்டாள். ஹஜ்ரத் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மைக்கை அணைத்தேன்.

மறந்து போச்சு என்று பிறகு அவரிடம் சொன்னேன். அது பொய். ஒரு நூறு பேர் முன்னால் ‘வினாடி வினா சாருக்குத் தெரியலை’ என்று ஆகிவிடக் கூடாது என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. அடுத்த வருஷம் அந்தக் கேள்வியையே தாளிலிருந்து எடுத்துவிட்டேன். திருத்தி, இரண்டு மத்ஹபையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் பழசு கிளம்பும். இன்னும் ஆறு வருஷம் அதே மணியை அடித்துக்கொண்டிருந்தேன். ஹஜ்ரத் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போன வருஷம் அவர் மௌத்தாகிவிட்டார்.

குற்றாலத்துக்கு நான் போகாத சீசன் இல்லை. அருவி தலையில் விழும்போது மூச்சு முட்டும், வாயைத் திறந்தால் தண்ணீர் தானாக உள்ளே போகும். ‘ஒரு நாள் பூரா நின்னாலும் சேராது’ என்று நான் சொன்ன அதே இடம். நிய்யத்து வைத்து அந்தத் தண்ணீருக்குக் கீழே நின்றிருந்தால், அவள் மத்ஹபுப்படி அவளுக்குக் குளிப்பு நிறைவேறியிருக்கும்.

அம்மா, உங்களுக்கு இப்போது நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். உங்கள் உம்மா சொல்லித் தந்தது சரி. அதை அவர்களிடமும் சொல்லுங்கள். அந்த விடைக்குரிய பத்து மதிப்பெண்ணை இப்போது போடுகிறேன். கேள்வி எதிரணிக்கே போயிருக்கக் கூடாது என்பதால் அவர்களுடைய ஐந்தைக் கழிக்கிறேன். உங்கள் அணி 95, எதிரணி 85. முதல் பரிசு எவர்சில்வர் குடம். வாங்கி வைத்திருக்கிறேன்.