மேட்டுச் செவலும் பள்ளத்துக் கரிசலும்

கோவில்பட்டிப் பக்கம் எங்காவது கிணறு வெட்டுகிறார்கள் என்றால் எனக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனம் வராது. மேட்டில் வெட்டினால் கொஞ்சம் செவல், அதன் கீழே உதிரும் சரளை, பிறகு பாறை. சற்றுத் தள்ளிப் பள்ளத்தில் வெட்டினால் ஆள் உயரத்துக்குக் கரிசல், அடியில் வெள்ளை வெள்ளையாய்ச் சுக்கான், அதற்கும் கீழே பெரும்பாலும் அதே பாறை. தக்காணத்துக் கரிசல் எரிமலைக் குழம்பில் பிறந்தது என்று பள்ளியில் படித்தோம். தெற்கத்திக் கரிசலில் பெரும்பகுதிக்கு எரிமலையோடு சம்பந்தமே இல்லை. நைஸ் பாறைதான் அதற்குத் தாய்.

ஒரு தாய்க்கு இரண்டு நிறத்தில் பிள்ளைகள் எப்படி? மேட்டில் விழும் மழை நிற்பதில்லை. பாறையிலிருந்து கரையும் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் சிலிக்காவையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிடும். கரையாத இரும்பு மேலேயே தங்கி, காற்றுப் பட்டுச் சிவக்கும். இறங்கியதெல்லாம் பள்ளத்தில் சேர்ந்து, ஈரம் பட்டால் உப்பும் களியாகிறது. கறுப்பைப் பார்த்து மட்கு நிறைய இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இருப்பதோ மிகக் குறைவு. அந்தக் கொஞ்சமும் களியோடு இறுகப் பிணைந்து கிடக்கிறது.

சித்திரை வெயிலில் கரிசல் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழும். ஐப்பசி மழையில் அடிமண் உப்பி, இடம் போதாமல் மேலே தள்ளும். கிணற்றுச் சுவரில் ஒரு கட்டியைப் பெயர்த்தால், மண்ணோடு மண் உரசி மெருகேறிய சாய்வான முகங்கள் பளபளக்கும். விரலால் தடவிப் பார்க்க வேண்டும், அவ்வளவு வழவழப்பு!

ருஷ்யாவின் கறுப்பு மண்ணை ஆராய்ந்து தொகுச்சாயேவ் 1883இல் நூல் எழுதினார். பாறை, தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், காலம் எல்லாம் கூடித்தான் மண் உருவாகிறது என்பது அவர் தந்த பார்வை. அமெரிக்க வகைப்பாடு உலக மண்ணை 12 பெரும் வகுப்புகளாகப் பிரிக்கிறது. அதில் கரிசல் வெர்டிசால், செவல் பெரும்பாலும் ஆல்ஃபிசால். எங்கள் சம்சாரிகள் செவக்காட்டில் கடலையும் கரிசலில் பருத்தி, உளுந்து, மல்லியும் போட்டுப் பிரித்து வைத்திருப்பதும் ஏறக்குறைய அதே கோட்டில்தான்.

இப்போது ரோட்டுக்கும் வீட்டு மனைக்கும் மேட்டைத்தான் முதலில் அள்ளுகிறார்கள். தரிசுதானே என்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. பள்ளத்துக் கரிசலுக்குச் சத்தை இறக்கிக் கொடுத்தது அந்த மேடு. ஜேசிபி ஒரு பகலில் வழித்தெடுக்கும் செவல் மறுபடி அந்தப் பாறையிலிருந்து உருவாகப் பல நூறு தலைமுறைகள் ஆகும்.