மகள் செல்

ஆங்கிலத்தில் பாக்டீரியாவுக்கு மகன் பிறப்பதே இல்லை. ஒரு செல் இரண்டாகப் பிரிந்தால் இரண்டும் மகள்தான். அந்த மகள்கள் பிரிந்தால் நான்கு மகள்கள். நல்ல உணவும் உடம்புச் சூடும் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இப்படிப் பெருகும். "மூணாவதும் பொண்ணா" என்று திண்ணையில் உட்கார்ந்து பெருமூச்சு விட அங்கே ஆளில்லை.

தமிழில் அதே செல் 'சேய் செல்' ஆகிவிட்டது. பள்ளிப் பாடநூலில் அப்படித்தான் படித்தோம். தாய் தாயாகவே இருக்கிறாள். மகள்தான் ஆணா பெண்ணா என்று சொல்லாத சேயாகிவிட்டாள். எங்கள் கல்லூரி நுண்ணுயிரியல் துறையில் தமிழ்வழியில் படித்து வரும் மாணவிகளுக்காக ஒரு சொற்பட்டியல் தயாரித்து, சந்திப்பிழை பார்த்துத் தரச்சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். சந்திப்பிழையோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. இந்தச் சொல்லில் நின்றுவிட்டேன்.

சேய் நல்ல சொல்தான், பழைய சொல். முருகனுக்கே அந்தப் பெயருண்டு. அதனாலேயே சங்க இலக்கியம் படித்த காதுக்கு அதில் ஓர் ஆண்பிள்ளையின் சாயல் கேட்கும். நான் பிறந்த உசிலம்பட்டிப் பக்கத்தில் போதும்பொண்ணு என்ற பெயர் சாதாரணம். என் பெரியம்மாவின் நான்காவது மகளுக்கு அதுதான் பெயர், ரேஷன் கார்டிலும் வாக்காளர் அட்டையிலும். மாற்றிக்கொள்ளலாமே என்று ஒருமுறை கேட்டேன். "நாப்பது வருசமாக் கூப்பிட்டாச்சு, இனிமே என்ன போதும், போதாது" என்றாள். எத்தனையாவது மகள் என்று எண்ணிப் பார்த்துப் பெயர் வைத்த மொழியில், எண்ணாமல் மகள்களைப் பெறும் ஓர் உயிரிடமிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிடுவது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

"எது தாய், எது மகள்னு யாருக்குத் தெரியும் மேடம்? நடுவுல சுவர் எழும்பி ரெண்டாயிடும், அவ்வளவுதான்" என்றார் துறையில் இருக்கும் தோழி. ஈ.கோலையைப் பொறுத்தவரை அவர் சொல்வது ஏறக்குறைய சரி. எஃப்டிஎஸ்இசட் என்ற புரதம் செல்லின் நடுவே வளையமாகக் கூடுகிறது. அந்த இடத்தில் சுவர் உள்நோக்கி வளர, செல் இறுகிப் பிரிகிறது. தாய் சாவதும் இல்லை, மிஞ்சுவதும் இல்லை. இரண்டு மகள்களாகிப் போகிறாள்.

ஆனால் அடுத்த நாள் அவரே காலோபாக்டரைப் பற்றிச் சொன்னார். அதன்பிறகு எனக்கு மூன்று இரவு வேறு வேலை ஓடவில்லை.

காலோபாக்டர் சத்துக் குறைந்த நன்னீரில் வாழும் பாக்டீரியா. தாய்க்கு ஒரு காம்பு உண்டு. காம்பின் நுனியில் சுரக்கும் பசையால் கல்லிலோ இலையிலோ ஒட்டிக்கொண்டு நிற்கும். இயற்கையில் நாம் அறிந்த மிக வலுவான பசைகளில் அது ஒன்று. இந்தத் தாய் பிரியும்போது இரண்டு செல்லும் ஒன்றுபோல் இருப்பதில்லை. புதிதாக வருகிறவளுக்குக் காம்பு கிடையாது. ஒரு முனையில் கசையிழை இருக்கும். அதைச் சுழற்றி நீந்திப் போய்விடுவாள். தாய் நின்ற இடத்திலேயே நின்று உடனே அடுத்தவளைப் பெறத் தொடங்கலாம். மகளோ நீந்தும் காலம் முழுவதும் தன் டிஎன்ஏவைப் படியெடுக்க முடியாது. சிடிஆர்ஏ என்ற புரதம் அதைத் தடுத்துப் பிடித்திருக்கும். அந்தப் புரதம் சிதைந்து, கசையிழை உதிர்ந்து, அது இருந்த அதே முனையில் காம்பு முளைத்த பிறகுதான் அவளும் தாயாக முடியும். சத்து கிடைக்காவிட்டால் நீந்தும் காலம் நீளும்.

படிக்கும்போது, இரண்டாம் ஆண்டில் நிச்சயமாகி மூன்றாம் ஆண்டில் வராமல் போன மாணவிகளின் முகங்கள் வந்து நின்றன. ஒருத்தி நன்றாகக் கவிதை எழுதுவாள். நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள். இன்னும் வந்து வாங்கவில்லை. பாக்டீரியாவிடம் போய் நம் கதையைத் தேடுவது கவிஞர்களின் கெட்ட பழக்கம், தெரியும். அதற்கு மாப்பிள்ளை வீடு இல்லை, கசையிழையை உதிர்க்கச் சொல்லி யாரும் மண்டபம் பிடிப்பதும் இல்லை. இருந்தாலும் அதே முனையில் முளைக்கும் காம்பு என்பதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

இந்த உயிரை 1960களின் இறுதியில் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் லூசி ஷபீரோ, கல்லூரியில் ஓவியமும் படித்த அமெரிக்கப் பெண். பாக்டீரியா என்றால் புரதங்கள் கலந்துகிடக்கும் வெறும் பை என்றுதான் அன்று பெரும்பாலோர் நினைத்தார்கள். இன்ன புரதம், இன்ன முனையில், இன்ன நேரத்தில் என்று அந்தப் பைக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். ஓவியம் படித்தவருக்கு எது எங்கே இருக்கிறது என்ற கேள்வி முதலில் வந்ததில் எனக்கு வியப்பில்லை.

பட்டியலில் இன்னொரு பக்கத்தில் 'ஆண் செல்', 'பெண் செல்' என்றிருந்தது. சில ஈ.கோலை செல்களிடம் எஃப் காரணி என்ற டிஎன்ஏ வளையம் இருக்கும். அவை மெல்லிய இழையை நீட்டி, இல்லாத செல்லைப் பிடித்து, அதன் நகலைக் கொடுக்கும். இதில் பிள்ளைப்பேறு ஏதும் இல்லை. இரண்டு செல் இரண்டாகவே இருக்கும். ஆனாலும் கொடுப்பதை ஆண் என்றும் வாங்குவதைப் பெண் என்றும் அந்தக் காலத்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், வாங்கிய செல்லும் உடனே 'ஆண்' ஆகிவிடும். எஃப் காரணியைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் எஸ்தர் லெடர்பர்க். ஈ.கோலைக்குள் ஒளிந்திருந்த லாம்டா வைரஸைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஒரு தட்டில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்களை வெல்வெட் துணியில் ஒற்றி, அதே வரிசை மாறாமல் வேறு தட்டுகளுக்கு மாற்றும் முறையைக் கணவர் ஜோஷுவாவோடு சேர்ந்து 1952-ல் வெளியிட்டார். 1958-ல் நோபல் பரிசு கணவருக்கும் வேறு இரு ஆண்களுக்கும் போனது. கொடுப்பது ஆண் என்று பேர் வைத்த ஆராய்ச்சியில், கொடுத்தவர்களில் ஒரு பெண் இருந்தார்.

அந்த இரண்டு சொல்லையும் அடித்து, 'கொடுக்கும் செல்', 'பெறும் செல்' என்று எழுதினேன். துறையில் யாரும் மறுக்கவில்லை. ஆங்கிலத்திலும் இப்போது அப்படித்தான் எழுதுகிறார்களாம்.

மகளுக்குத்தான் இழுபறி. பள்ளியில் படித்து வந்த சொல்லை மாற்றினால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. பட்டியல் அச்சாகி வந்தபோது 'சேய் செல்' அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு 'மகள் செல்' என்று சேர்த்திருந்தார்கள். வகுப்பில் பிள்ளைகள் எதைச் சொல்கிறார்கள் என்று தோழியிடம் கேட்டேன்.

"டாட்டர் செல்" என்றார்.