மாயக் கதையும் மறைந்த மாந்தரும்

இயற்கையில் நிகழாதவற்றை நிகழ்ந்தனவாகக் காட்டுவது மாயப் புனைகதை. அங்கே கல் பெண்ணாகும், விலங்கு பேசும், இறந்தோர் எழுவர். இத்துணை உரிமை பெற்ற கதையுலகம், ஆணை விரும்பும் ஆணையும் பெண்ணை விரும்பும் பெண்ணையும் எவ்வாறு படைத்துள்ளது என்பது ஆராயத்தக்கது. சமயமும் சட்டமும் தத்தம் தீர்ப்பைக் கூறும். பாத்திரம் முழு மனிதராகப் படைக்கப்பட்டுள்ளதா என்பதே இலக்கியம் கற்போர் எழுப்பும் வினா.

தமிழர் நன்கறிந்த பாரதக் கதையிலேயே இதற்குச் சான்று உண்டு. பீஷ்மரால் வாழ்விழந்த அம்பை, துருபதன் மகளாக மறுபிறப்பு எடுக்கிறாள். மகன் என்றே வளர்க்கப்பட்டுத் தசார்ண நாட்டு மன்னன் மகளை மணக்கிறாள். மணமகனும் பெண்ணே என்னும் செய்தி வெளிப்பட்டதும் போர் மூளும் நிலை எழுகிறது. காட்டிற்குச் சென்ற சிகண்டிக்கு இயக்கன் ஒருவன் தன் ஆணுருவை அளிக்கிறான், சிக்கல் தீர்கிறது. இரு பெண்கள் கணவனும் மனைவியுமாக நின்ற அரிய நிலையைப் படைத்த கதை, உருமாற்றத்தால் அதனைக் கலைத்துவிடுகிறது. மணப்பெண்ணின் உள்ளத்தில் எழுந்தது யாது என்பதற்குக் கதையில் இடமே இல்லை.

மோகினியின் கதைகளும் இத்தகையனவே. சிவனும் திருமாலும் கூடி அரிகரபுத்திரன் தோன்றுவதற்கும், களப்பலியாகும் அரவானைக் கண்ணன் மணப்பதற்கும் பெண்ணுரு தேவைப்படுகிறது. அரவான் கதை திருநங்கையர்க்குப் பெருமை அளித்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில், சித்திரைத் திங்களில் அவர்கள் அரவானுக்கு வாழ்க்கைப்பட்டுத் தாலி கட்டிக்கொள்கின்றனர்; மறுநாள் தாலியறுத்து அழுகின்றனர். ஆயினும், திருநங்கையர் வேறு, ஆணாகவே இருந்து ஆணை விரும்புவோர் வேறு. முன்னவர்க்கு வாயிலாக அமைந்த உருமாற்றம், பின்னவர்க்குத் திரையாக அமைந்தது.

மேலைநாட்டுக் கதைகள் வேறொரு திரையைக் கையாண்டன. ஹாரி பாட்டர் கதையின் ஏழு நூல்களும் 1997 முதல் 2007 வரை வெளிவந்தன. அவை முடிந்த பின்னரே, ஆசிரியர் டம்பிள்டோர் தற்பால் விருப்பினர் என நூலாசிரியர் ஜே. கே. ரோலிங் நியூயார்க் மேடையொன்றில் அறிவித்தார். நூலுக்குள் வெளிப்படையாகச் சொல்லப்படாத காதல், நூலுக்கு வெளியே சொல்லப்பட்டது.

2017ஆம் ஆண்டு மலேசியாவும் இவ்வினாவைச் சந்தித்தது. 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' என்னும் மாயக் கதைப்படத்தில், லெஃபூ என்னும் துணைப்பாத்திரம் தோன்றும் பகுதியொன்றை வெட்டுமாறு தணிக்கை வாரியம் கோரியது. டிஸ்னி நிறுவனம் மறுத்தது. மேல்முறையீட்டுக்குப் பின், அவ்வாண்டு மார்ச் இறுதியில் படம் வெட்டின்றித் திரைக்கு வந்தது. 2022இல் இரு பெண்களின் முத்தம் இடம்பெற்ற 'லைட்இயர்' இந்நாட்டில் திரையிடப்படவில்லை. லெஃபூவைப் பற்றிய வாதம் பெரிது, பாத்திரமோ சிறிது. நகைப்பூட்டும் எடுபிடியாகவே அவன் படைக்கப்பட்டிருந்தான். அக்காட்சியை வெட்டினும் விடினும் கதையின் போக்கு மாறாது. அத்துணை எளிதாக நீக்கத்தக்க பாத்திரம், முழுமையாகப் படைக்கப்பட்டதன்று.

மாயம் தயங்கிய இடத்தில் நடப்பியல் துணிந்தது. 1978இல் வெளிவந்த கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' நாவலில் கணேசன் உருமாறவில்லை. ஆடவர்களின் இச்சைக்கு ஆட்பட்டும், பின்னர்த் தொழுநோயுற்றும் அலையும் அவன், பசியும் அச்சமும் உடைய மனிதனாகவே நிற்கிறான். இந்நாவலைக் கற்பவர் அவனைக் கண்டு சிரிப்பதில்லை.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் பயிலும் தமிழ் மாணவர், கோயிலில் பாரதம் கேட்கின்றனர்; திரையரங்கில் மாயப் படங்களையும் காண்கின்றனர். இரண்டையும் ஒருங்கே வைத்து ஆராயக் கற்பிப்பது ஆசிரியர் கடன். பீஷ்மரின் வீழ்ச்சிக்குக் காரணமான சிகண்டியின் பெயர், இன்று வசைச்சொல்லாக வழங்குகிறது. வகுப்பில் அப்பெயர் ஒலித்ததும் எழும் சிரிப்பில், தன்னைப் பற்றிய இழிவைக் கேட்டு ஒடுங்கும் மாணவன் ஒருவன் இருக்கலாம். அவனுக்கும் அதே பாடம் நடத்தப்படுகிறது. ஆதலின் ஆசிரியர் கேட்க வேண்டியவை மூன்று: இப்பாத்திரம் விரும்புவது என்ன? செய்வது என்ன? இது நீங்கினால் கதை இழப்பது என்ன? இவ்வினாக்களுக்கு விடை தேடத் தொடங்கும் வகுப்பில் சிரிப்பு தானே அடங்கும்.