நட்சத்திரம் பார்த்தோம்!

நாள் பார்க்காமல், கோள் பார்க்காமல், புரோகிதரை அழைக்காமல், புகை வளர்க்காமல், மாலை மாற்றி மணந்து கொண்டவர்கள் நாங்கள். அத்தகைய மணம் செல்லும் என்று 1967-இல் அண்ணா ஆட்சி சட்டம் செய்தது; அதன்பின் சில ஆண்டுகளில் நடந்தது எங்கள் மணம். ஐம்பதாண்டு நிறைந்த நாளில் பிரெஞ்சு நாட்டில் பயணத்தில் இருந்தோம். ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, அந்நாட்டார் பெருமை பேசும் சமையலை அதன் உயர்ந்த நிலையில் உண்டு பார்ப்பது என்று முடிவு செய்தோம். எங்கே உண்பது? கேட்ட இடமெல்லாம் எங்கள் கையில் திணித்தது நட்சத்திரப் பட்டியல்! மணத்துக்குப் பார்க்காத நட்சத்திரத்தை உணவுக்குப் பார்க்க வேண்டி வந்தது!

பதற வேண்டா, தோழர்களே! அது வானத்து நட்சத்திரமன்று; மிஷ்லேன் என்னும் டயர் கம்பெனி வழங்கும் நட்சத்திரம். மோட்டார் வைத்திருப்போர்க்கு வழிகாட்டி நூல் ஒன்றை 1900-இல் அந்தக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. ஊர் சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் புது டயர் விற்கும். வணிகர் கணக்கு வேறென்ன! 1926-இல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் இடத் தொடங்கினர். பின்னர் ஒன்று, இரண்டு, மூன்று என்று படி வகுத்தனர். தம்மை இன்னாரென்று காட்டிக் கொள்ளாத ஆய்வாளர், காசு கொடுத்து உண்டு, கண்டதை எழுதுகிறார்.

சோதிடன் சொல்லும் நட்சத்திரம் பிறப்போடு வருவது, இறக்கும் வரை விடாதது. இதுவோ உழைத்தால் வருவது, சோர்ந்தால் போவது! பால் பொக்கூஸ் என்ற பெயரைக் கேட்டால் பிரெஞ்சுச் சமையற்காரர் எழுந்து நிற்பர். அவருடைய உணவகம் 1965 முதல் மூன்று நட்சத்திரம் தாங்கி நின்றது. 2018-இல் அவர் மறைந்தார். 2020-இல் ஒரு நட்சத்திரம் பறிக்கப்பட்டது! பாட்டன் ஓதினான் என்பதற்காகப் பேரனுக்குத் தாம்பூலம் தரும் நாட்டிலிருந்து சென்ற எங்களுக்கு அந்தச் செய்தி, பட்டியல் முழுவதையும்விடச் சுவையாக இருந்தது.

"இது சீமான் தீனி அல்லவா? இதைத் தேடுவதா உங்கள் சுயமரியாதை?" என்று கேட்டெழுதினார் ஓர் இளந்தோழர். நியாயமான கேள்வி. அந்தத் தீனி சீமான் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம் ஒன்று உண்டு. வழிப்போக்கனுக்கு அன்று கிடைத்தது பொதுப் பந்தி; விடுதிக்காரன் வைத்த நேரம், விடுதிக்காரன் வைத்த குழம்பு. பதினாறாம் லூயி மன்னனின் தம்பிக்குச் சமைத்த பொவிலியே, புரட்சிக்குச் சில ஆண்டு முன்பே பாரிசில் உணவகம் திறந்தார். 1789-இல் புரட்சி வெடித்ததும் காந்தே இளவரசர் நாட்டை விட்டு ஓடினார்; அவரிடம் சமைத்த மெயோ 1791-இல் தம் கடையைத் திறந்தார். தனி மேசை, உணவுப் பட்டியல், எதிரே விலை! கோமான் ஓடினான், சமையற்காரன் தெருவுக்கு வந்தான், காசுள்ள எவனும் உட்காரலாம் என்றாயிற்று. காசில்லாதவன்? அவன் வெளியேதான் நின்றான். அதை மறைக்க மாட்டோம். எனினும் காசு என்னும் சுவரை ஒருவன் ஒருநாள் தாண்டக் கூடும். பிறவி என்னும் சுவரை எப்படித் தாண்டுவது?

1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை நீக்க, பெரியார் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது; தோழர்கள் பலர் கைதாயினர். அந்தக் கைதுகளைச் செய்தித்தாளில் படித்துக் காட்டிய தந்தையரின் பிள்ளைகள் நாங்கள்.

சரி, வேலையைப் பார்ப்போம். இரவு உணவைத் தள்ளினோம், நண்பகலைத் தேர்ந்தோம். அதே அடுப்பு, அதே சமையற்காரர். ஆனால் வேலை நாளின் நண்பகலில் பல பெரிய உணவகங்கள் குறைந்த விலைக்கு ஒரு வரிசை உணவு தருகின்றன. விலைப்பட்டியலை வாசலிலேயே வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஆதலால் உள்ளே போய் விழிக்க வேண்டியதில்லை, தெருவில் நின்றே படிக்கலாம். பரிமாறுவோர்க்கு உரிய கூலி விலையிலேயே அடங்கும். உணவோடு குழாய்த் தண்ணீர் கேட்டால் காசு இல்லை, ரொட்டிக்கும் இல்லை. ஞாயிறும் திங்களும் மூடிக் கிடப்பவை பல; ஆகஸ்டில் வாரக் கணக்கில் பூட்டுபவையும் உண்டு. பகல் இரண்டு மணிக்கு மேல் போய்ப் பசிக்கிறது என்றால் பெரும்பாலும் பயனில்லை!

பாரிசில் ஷார்த்தியே என்னும் பழைய உணவகத்தைப் பார்த்தோம். 1896-இல் உழைப்பாளர்க்காகத் தொடங்கியது. இன்றும் மலிவு, மேசைமீது விரித்த காகிதத்திலேயே கணக்கை எழுதிக் கூட்டுகிறார்கள். அங்கே இருமுறை உண்டோம், மகிழ்ந்தோம். ஆயினும் அந்த ஒரு நாளுக்கென்று எங்கள் மனம் லியோன் நகரத்தை நாடியது. காரணம் ஒரு பெண்.

எழேனி பிராசியே. 1895-இல் பிறந்தவர். பத்து வயதில் தாயை இழந்தார். பண்ணைகளில் வேலை செய்தார், பன்றி மேய்த்தார். மணமாகாமலே 1914-இல் ஒரு மகனைப் பெற்றார். வீட்டார் ஏற்கவில்லை, லியோனுக்கு வந்து வீட்டு வேலைக்குச் சேர்ந்தார். பிலியூ அன்னை என்று ஊரார் அழைத்த பெண்மணியின் அடுப்படியில் தொழில் கற்றார். 1921-இல் ருவாயால் தெருவில் சிறு கடை திறந்தார். 1933-இல் அந்தக் கடைக்கு மூன்று, மலைமேல் நடத்திய இன்னொரு கடைக்கு மூன்று, ஆக ஆறு நட்சத்திரம்! அதற்குமுன் எவரும் பெறாதது. நகரத் தலைவர் எரியோ அவர் மேசையில் உண்டார். மேலே சொன்ன பொக்கூஸ் அவரிடம் வேலை கற்றவர்.

பன்றி மேய்த்த கை! அந்தக் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்களா நம் ஊரின் 'ஆசாரமான' வீட்டில்? கலியாணச் சமையலுக்கு ஆள் தேடும்போது நாக்கைக் கேட்காமல் குலத்தைக் கேட்டுப் பழகிய நாடல்லவா நமது! அங்கோ தோலுக்கடியில் கறுப்புக் காளான் துண்டுகளைச் செருகி வேகவைத்த கோழியைப் பிராசியே அன்னை வைக்க, அமைச்சர்கள் உண்டார்கள். அந்தக் கோழிக்கு 'அரைத் துக்கம்' என்று பெயர். வெள்ளைமேல் கறுப்புத் தெரிவதால் அந்தப் பெயர். மங்கல நாளில் துக்கத்தைத் தின்பதா என்று எங்கள் உறவினர் எவரும் கேட்டிருப்பர். அதற்காகவே உண்ண வேண்டும் என்றார் துணைவியார்.

அந்நாட்டைச் சொர்க்கமாக்கிக் காட்டுவதும் எங்கள் எண்ணமன்று. 2007-இல் ஆன்-சோஃபி பிக் மூன்று நட்சத்திரம் பெற்றபோது, பிரெஞ்சு நாட்டில் அதைப் பெற்ற நான்காவது பெண்தான் அவர்! அதற்குமுன் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு பெண்ணும் பெறவில்லை. வீட்டு அடுப்பு பெண்ணுக்கு, விருது ஆணுக்கு என்ற கணக்கு அங்கும் நடந்தது.

பிராசியே அன்னை 1977-இல் மறைந்தார். ருவாயால் தெருக் கடையை 2008 முதல் மத்தியூ வியானே என்ற சமையற்காரர் ஏற்று நடத்தினார். பலகையில் அன்னையின் பெயரே நிலைத்தது. தொலைபேசியில் இடம் கேட்டோம். எத்தனை பேர், எந்த நாள், என்ன பெயர், ஒவ்வாத உணவு ஏதும் உண்டா என்று கேட்டார்கள். எங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி முடிக்கச் சற்று நேரமாயிற்று. பன்னிரண்டரைக்கு வாருங்கள் என்றார்கள். லியோனுக்குக் காலை வண்டியில் இரண்டு சீட்டு வாங்கினோம்.